ஒன்பதாம் எண் பின்வாங்கிய பிற்பகல்: வெம்பிளி 1953, ஹிடெக்குட்டியின் ஆட்டம்

1953 நவம்பர் 25, புதன்கிழமை. லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஹங்கேரியின் 9ஆம் எண் வீரர் நாண்டோர் ஹிடெக்குட்டி பெனால்டி பகுதியின் விளிம்பருகே பந்தோடு வந்தார். அடிப்பதுபோல் பாவனை காட்டினார். எதிரே நின்றவர் அசைந்ததும் உண்மையாகவே அடித்தார். கோல் கீப்பர் கில் மெரிக்கைத் தாண்டி வலையில் விழுந்தது பந்து. அன்று மாலைக்குள் ஹிடெக்குட்டி இன்னும் இரண்டு கோல் போட்டார். இங்கிலாந்து 3, ஹங்கேரி 6.

இது வெறும் நட்புப் போட்டி. கோப்பை கிடையாது, புள்ளி கிடையாது, அடுத்த சுற்று கிடையாது. ஆனாலும் 1,05,000 பேர் திரண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்பே 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டியிருந்தன. 70 ஆண்டுகள் கடந்தும் கால்பந்து வியூகம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஹங்கேரி அணித்தலைவர் புஷ்காஷ் அன்று போட்ட ஒரு கோலைப் பற்றிப் பேசிப் பேசி மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. ஆட்டத்தின் சாவி ஹிடெக்குட்டியிடம் இருந்தது. அவர் எங்கே நின்றார், ஏன் அங்கே நின்றார், அவரைப் பிடிக்க வேண்டியவரால் ஏன் முடியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் ஒன்பது கோல்களும் தாமாகவே புரியும்.

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுவோம். சொந்த மண்ணில் இங்கிலாந்து சந்தித்த முதல் தோல்வி இது என்று பலர் எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்து 1949இலும் 1951இலும் இதே வெம்பிளியில் இங்கிலாந்தை வென்றிருக்கிறது. அயர்லாந்து 1949இல் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் 2-0 என்று வென்றது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் அப்பாலிருந்து வந்த எந்த நாடும் இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை என்பதே உடைந்துபோன பெருமை. அதுவும் உடைவதற்கு ஒரு மாதம் முன்பே விரிசல் விட்டிருந்தது. அக்டோபர் 21 அன்று ஐரோப்பியத் தேர்வு அணிக்கு எதிராக வெம்பிளியில் 4-4 என்று தப்பித்தார்கள். கடைசி நேரத்தில் ஆல்ஃப் ராம்சே அடித்த பெனால்டிதான் காப்பாற்றியது. அந்த ஆட்டத்தைப் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்த்தவர்களில் ஹங்கேரியின் பயிற்சியாளர் குஸ்டாவ் ஷெபெஷும் ஒருவர்.

ஹங்கேரி அப்போது எந்த நிலையில் இருந்தது? 1950 மே மாதம் ஆஸ்திரியாவிடம் தோற்றபிறகு அதிகாரப்பூர்வமான எந்தப் போட்டியிலும் தோற்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதியில் யூகோஸ்லாவியாவை 2-0 என வீழ்த்தித் தங்கம் வாங்கியிருந்தது. (அதே யூகோஸ்லாவியாதான் அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவை 10-1 என்று வென்றது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய நம் அணிக்கும் ஹங்கேரிக்கும் அன்று இருந்த தூரத்தை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.) 1953 மே மாதம் ரோமில் இத்தாலியை 3-0 என வென்றது. இந்த விவரம் எதுவும் ரகசியமாக இல்லை. ஹெல்சிங்கியில் ஹங்கேரியின் ஆட்டத்தைக் கண்ட இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கச் செயலாளர் ஸ்டான்லி ரூஸ்தான் இந்த நட்புப் போட்டிக்கே வழிசெய்தவர்.

இனி வியூகத்துக்கு வருவோம். ஹிடெக்குட்டி செய்தது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று விளங்க 1925க்குப் போக வேண்டும். அதுவரை ஆஃப்சைடு (எதிரணிக் கோலருகே முன்கூட்டியே போய் நிற்கும் தவறு) ஆகாமலிருக்க, முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. 1925இல் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. முன்களத்தில் நிற்பவர்களுக்கு ஒரேயடியாக இடம் கிடைத்தது, கோல்கள் குவிந்தன. ஆர்சனல் அணியை நடத்திய ஹெர்பர்ட் சாப்மேன் அதற்குக் கண்ட மருந்து, நடுக்களத்தில் சுதந்திரமாக ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு (பின்வரிசைத் தடுப்பாளர்களுக்கு) நடுவே மூன்றாமவராக நிறுத்துவது. முன்கள ஐவரை மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டபிள்யூ' எழுத்துபோலவும், பின்கள ஐவர் 'எம்' போலவும் தெரிவதால் இதற்கு டபிள்யூ-எம் என்று பெயர் வந்தது.

இந்த வியூகத்தின் அழகும் பலவீனமும் ஒன்றே: ஆளுக்கு ஆள். வலது ஃபுல்பேக், கோட்டோரமாக ஆடும் எதிரணியின் இடது விங்கரைப் பிடிப்பார். இடது ஃபுல்பேக் வலது விங்கரை. அவர்களுக்கு முன்னே நிற்கும் இரண்டு விங் ஹாஃப்களும், சென்டர் ஃபார்வர்டுக்கு இருபுறமும் சற்றுப் பின்னே ஆடும் எதிரணியின் இரண்டு இன்சைட் ஃபார்வர்டுகளை. 5ஆம் எண் சென்டர் ஹாஃப், 9ஆம் எண் சென்டர் ஃபார்வர்டை. 25 ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தில் எல்லா அணியும் இப்படியே ஆடியதால், முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 9ஆம் எண் என்றால் உயரமான, தோள் வலுவுள்ள, தலையால் முட்டுகிற ஆள். அவர் கோலுக்கு எதிரே நிற்பார். 5ஆம் எண் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அந்த 9ஆம் எண் அங்கே வராமலே போனால் என்ன செய்வது என்பதற்கு அந்த ஏற்பாட்டில் பதில் இல்லை.

புடாபெஸ்டில் அந்தக் கேள்வி ஒரு தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. எம்டிகே கழகத்தின் பயிற்சியாளர் மார்டோன் புகோவியிடம் நார்பர்ட் ஹோஃப்லிங் என்ற வலுவான சென்டர் ஃபார்வர்டு இருந்தார். 1948இல் அவர் இத்தாலியின் லாட்சியோவுக்குப் போய்விட்டார். அதே வார்ப்பில் வேறொருவர் கிடைக்கவில்லை. இல்லாத ஆளைத் தேடிக்கொண்டிருப்பதைவிட வியூகத்தையே தலைகீழாக்கிவிடலாம் என்று புகோவி முடிவு செய்தார். 'டபிள்யூ'வைக் கவிழ்த்தால் இன்னோர் 'எம்'. சென்டர் ஃபார்வர்டு நடுக்களத்துக்கு இறங்கிப் பந்தைப் பங்கிடுவார். இரண்டு இன்சைட் ஃபார்வர்டுகளும் அவரைத் தாண்டி முன்னே போய் கோல் போடுவார்கள். எம்டிகேயில் இந்தப் பாத்திரத்தை முதலில் ஏற்றுச் செய்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் பலோடாஷ். பின்னாளில், 1955இல், கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை அடித்தவரும் அவரே. தேசிய அணியிலும் இந்த இடம் முதலில் அவருடையதாகத்தான் இருந்தது. ஹெல்சிங்கி இறுதியில் பலோடாஷ் நடுவில் ஆட, ஹிடெக்குட்டி வலது விங்கில் ஆடினார்.

ஹிடெக்குட்டி பிறந்தது 1922 மார்ச் 3, புடாபெஸ்டில். 1945 செப்டம்பரில் ருமேனியாவுக்கு எதிராக தேசிய அணியில் அறிமுகமாகி, 7-2 என வென்ற அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். அப்படித் தொடங்கியவருக்கு அடுத்த ஏழு ஆண்டுகள் தேசிய அணியில் உறுதியான இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் விங்கர், ஒருநாள் இன்சைட் ஃபார்வர்டு. இரண்டு இன்சைட் இடங்களிலும் புஷ்காஷும் சாண்டோர் கோச்சிஷும் உட்கார்ந்துவிட்ட அணியில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? அந்த அலைச்சல் வீண்போகவில்லை. விங்கருக்குத் தேவையான கால் வேலையும், இன்சைட் ஃபார்வர்டுக்குத் தேவையான பாஸ் கணக்கும் அவருக்குள் சேர்ந்துகொண்டே இருந்தன.

திருப்பம் 1952 செப்டம்பரில் பெர்னில் வந்தது. சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஹங்கேரி 0-2 என்று பின்தங்கியது. முதல் பாதியிலேயே பலோடாஷை வெளியே எடுத்து ஹிடெக்குட்டியை நடுவில் இறக்கினார் ஷெபெஷ். ஹங்கேரி 4-2 என வென்றது. அதற்குப்பின் அந்த இடம் கைமாறவில்லை. அப்போது ஹிடெக்குட்டிக்கு வயது 30. பெரும்பாலான ஸ்டிரைக்கர்கள் இறங்குமுகத்தைக் காணும் வயதில் இவருடைய உண்மையான ஆட்டக்காலம் தொடங்கியது. இதில் வியப்பில்லை. பின்வாங்கி ஆடும் சென்டர் ஃபார்வர்டுக்கு ஓட்ட வேகத்தைவிட, எப்போது ஓடக் கூடாது என்ற அறிவு முக்கியம். அது இருபது வயதில் வருவது அபூர்வம்.

ஒரு மனிதர் பின்வாங்குவதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஹிடெக்குட்டி காலிசெய்த இடத்தில் யாராவது நுழைய வேண்டும். அவர் இறங்கிய இடத்தில் நெரிசல் ஏற்படாமல் யாராவது விலக வேண்டும். இடது விங் ஹாஃப் யோசெஃப் ஜக்கரியாஷ் பின்னே நகர்ந்து, நடுத்தடுப்பாளர் லோரான்டுக்கு அருகே கிட்டத்தட்ட நான்காவது தடுப்பாளராக நின்றார். வலது விங் ஹாஃப் யோசெஃப் போஜிக் மேலேறி வந்து ஹிடெக்குட்டியோடு சேர்ந்து நடுக்களத்தைப் பிடித்தார். புஷ்காஷும் கோச்சிஷும் ஈட்டிமுனைகளானார்கள். விங்கர்கள் புடாயும் சிபோரும் கோட்டோரமாகவே நிற்காமல், கீழே இறங்கிப் பந்து வாங்கினார்கள், பக்கம் மாறினார்கள். கோல் கீப்பர் க்ரோஷிச் பெனால்டி பகுதியின் எல்லை வரை முன்னேறி நின்று, தடுப்பாளர்களுக்குப் பின்னால் விழும் நீண்ட பந்துகளைத் துடைத்தார். காகிதத்தில் வரைந்தால் பின்னாளில் 4-2-4 (பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர்) என்று பெயர் பெற்ற அமைப்புக்கு இது மிக நெருக்கம். ஆறேழு பேர் ஒரே நேரத்தில் நகர்ந்தால்தான் ஒருவரின் பின்வாங்கல் பயன் தரும்.

ஷெபெஷின் தயாரிப்பும் இதே அளவு நுணுக்கமானது. வெம்பிளி ஆடுகளத்தின் அளவில் பயிற்சிக் களம் அமைத்தார். ஆங்கிலேயர் பயன்படுத்தும் பந்து கனமானது; அதன் எடைக்குக் கால் பழகாவிட்டால் பாஸ் குறைந்துபோகும் என்பதால் அந்தப் பந்துகளையே வரவழைத்துப் பழக்கினார். ஆங்கில பாணியில் ஆடும்படி உள்ளூர் அணிகளைக் கேட்டுக்கொண்டு அவர்களோடு மோதவிட்டார். லண்டன் போகும் வழியில் பாரிசில் ரெனோ தொழிற்சாலை அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். அதற்கு முன், நவம்பர் 15 அன்று, புடாபெஸ்டில் சுவீடனோடு 2-2 என்று டிரா. அந்த முடிவு ஹங்கேரியில் கவலையைக் கிளப்பியிருந்தது.

எதிர்ப்பக்கத்தில் நிலைமை வேறு. இங்கிலாந்தின் பயிற்சியாளர் வால்டர் வின்டர்பாட்டம் கற்றறிந்தவர், ஆனால் அணியைத் தேர்வுசெய்யும் முழு அதிகாரம் அவரிடம் இல்லை. அது சங்கத்தின் தேர்வுக் குழுவிடம் இருந்தது. விங்கர் டாம் ஃபின்னி காயத்தால் இல்லை. அவர் இடத்தில் டாட்டன்ஹாமின் ஜார்ஜ் ராப்; முன்களத்தில் எர்னி டெய்லர். இருவருக்கும் அதுவே முதல் சர்வதேச ஆட்டம், அதுவே கடைசியும். பிளாக்பூல் கழகத்திலிருந்து மட்டும் நான்கு பேர்: ஜான்ஸ்டன், மேத்யூஸ், மார்டென்சன், டெய்லர். அதே ஆண்டு மே மாதம் இதே மைதானத்தில் போல்டனை 4-3 என வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியவர்கள். திறமையில் குறைந்த அணி என்று இவர்களைச் சொல்லவே முடியாது. அதனால்தான் இந்தத் தோல்வி பாடமாகிறது.

சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன்தான் ஹிடெக்குட்டியைப் பிடிக்க வேண்டியவர். அவர் முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பார்க்கலாம். ஹிடெக்குட்டி 25, 30 அடி பின்வாங்கும்போது கூடவே போனால், ராம்சேக்கும் எக்கர்ஸ்லிக்கும் நடுவே கோலுக்கு நேர் எதிரே ஒரு வாசல் திறக்கும். ஃபுல்பேக்குகள் இருவரும் விங்கர்களோடு அகலமாக நிற்பதால் அந்த வாசல் பெரியது. கோச்சிஷும் புஷ்காஷும் அதற்குள் பாய்வார்கள். போகாமல் தன் இடத்திலேயே நின்றால், பிடிக்க ஆளில்லாத வெற்றிடத்தைக் காவல் காப்பார். ஹிடெக்குட்டி நிமிர்ந்து பார்த்து, நேரமெடுத்து, பாஸ் போடுவார் அல்லது தானே வந்து அடிப்பார். முதல் கோல் விழுந்தது இப்படித்தான்.

மூன்றாவது வழி, விங் ஹாஃப்களான பில்லி ரைட்டோ டிக்கின்சனோ ஹிடெக்குட்டியை எடுத்துக்கொள்வது, அவர்கள் விடும் இன்சைட் ஃபார்வர்டை ஜான்ஸ்டன் வாங்கிக்கொள்வது. கேட்க எளிது. ஆனால் ஆளை ஒருவரிடமிருந்து இன்னொருவர் ஓட்டத்திலேயே கைமாற்றிக்கொள்வது மாதக்கணக்கில் சேர்ந்து பழகினால் மட்டுமே வரும். ஒரு ஆட்டத்துக்காக இரண்டு நாள் முன்பு கூடும் அணியால், ஆளுக்கு ஆள் என்பதைத் தவிர வேறு அறியாத தடுப்பால், அதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. நான்காவது வழி, இன்சைட் ஃபார்வர்டு செவெல்லையோ டெய்லரையோ இறக்கி ஹிடெக்குட்டியின் நிழலாக விடுவது. இருந்தவற்றில் இதுவே சிறந்தது என்பது என் கணிப்பு. தாக்குதலில் ஒருவர் குறைவார், ஆனால் பின்களம் குலையாது. அன்று அதை யாரும் ஆணையிடவில்லை.

ஆட்டத்தின் ஓட்டத்தையும் பார்த்துவிடுவோம். 13ஆம் நிமிடத்தில் இங்கிலாந்து சமன்செய்தது. அந்த கோலைத் தொடங்கியவர் ஜான்ஸ்டனே. பந்தைப் பறித்து, தானே முன்னேறிக் கொண்டுபோய் மார்டென்சனிடம் கொடுக்க, அவர் செவெல்லுக்குத் தந்தார், கோல். 20ஆம் நிமிடத்தில் ஹிடெக்குட்டி தன் இரண்டாவதைப் போட்டார்.

24ஆம் நிமிடம்தான் எல்லோரும் பேசுவது. இடது விங்கர் சிபோர் வலது பக்கம் வந்து நின்று பந்தை உள்ளே தள்ளினார். கோலுக்கு வலப்பக்கம், மிக அருகில் புஷ்காஷ். ரைட் முழு வேகத்தில் சறுக்கி வந்தார். புஷ்காஷ் இடது பாதத்தின் அடியால் பந்தைப் பின்னுக்கு இழுத்தார். ரைட் வெறும் புல்லில் சறுக்கிப் போனார். அதே இடது காலால் பந்து மெரிக்குக்கும் கம்பத்துக்கும் இடையே சீறியது. தப்பான தீயை அணைக்கப் பாய்ந்த தீயணைப்பு வண்டிபோல் இருந்தது ரைட்டின் பாய்ச்சல் என்று 'தி டைம்ஸ்' நிருபர் ஜெஃப்ரி கிரீன் எழுதினார். படச்சுருளில் இந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் புஷ்காஷின் காலைவிட்டுக் கண்ணை எடுத்து, நடுவே பாருங்கள். இடது விங்கர் வலப்பக்கத்தில் எப்படி வந்தார், அவருடைய ஆள் ஏன் கூட வரவில்லை, ரைட் ஏன் அவ்வளவு தொலைவிலிருந்து ஓடிவர வேண்டியிருந்தது? வித்தைக்கு முன்பே இடம் உருவாகிவிட்டது.

மூன்றே நிமிடத்தில் போஜிக்கின் ஃப்ரீகிக் புஷ்காஷின் காலில் பட்டுத் திரும்பி நான்காவது கோலானது. 38இல் மார்டென்சன் ஒன்றைத் திருப்பினார், இடைவேளையில் 4-2. 50ஆம் நிமிடத்தில் கம்பத்தில் பட்டு வந்த பந்தைப் போஜிக் வெளியிலிருந்து அடித்து ஐந்தாவதாக்கினார். அடித்தவர் விங் ஹாஃப் என்பதைக் கவனிக்க வேண்டும். 53இல் புஷ்காஷ் தூக்கிப் போட்ட பந்தை, தரையில் விழுமுன்னே ஹிடெக்குட்டி அடித்தார்: ஹாட்ரிக். 57இல் ராம்சேயின் பெனால்டியோடு கோல் கணக்கு முடிந்தது. இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தும் ஹங்கேரி அவசரப்படவில்லை. ஹங்கேரி கோலை நோக்கி அடித்தவை 35, இங்கிலாந்து அடித்தவை 5 என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் கணக்கு. ஆறு கோல் என்பதே குறைவு என்று அந்தக் கணக்கு சொல்கிறது.

பின்வாங்கி ஆடுபவர் எப்படி மூன்று கோல் போட முடிந்தது என்ற கேள்வி நியாயமானது. அவர் போட்ட மூன்றும் பெனால்டி பகுதிக்குள் முன்கூட்டியே நின்று வாங்கியவை அல்ல. வெளியிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தவை. தடுப்பாளர்கள் அதற்குள் கோச்சிஷையும் புஷ்காஷையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியாக வருபவரைப் பிடிக்க ஆள் மிஞ்சாது. இதுதான் ஹிடெக்குட்டியின் கலை. தேசிய அணிக்காக 69 ஆட்டங்களில் 39 கோல் அடித்தார். புஷ்காஷ் 85 ஆட்டங்களில் 84, கோச்சிஷ் 68இல் 75 என்ற எண்களுக்குப் பக்கத்தில் 39 சிறியதாகத் தெரியலாம். மற்ற இருவரும் பறித்த கோல்களில் பலவற்றுக்கு நிலத்தை உழுதுகொடுத்தவர் என்பதை எந்தப் பட்டியலும் காட்டாது.

அவரே இதைக் கண்டுபிடித்தவரா? இல்லை. 1930களில் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் சிண்டெலர் சென்டர் ஃபார்வர்டு இடத்திலிருந்து இறங்கி ஆடினார். 1940களில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டில் அடோல்ஃபோ பெடர்னெரா அதைச் செய்தார். ஹங்கேரிய பாணியின் வேர் இங்கிலாந்துக்கே போகிறது. முதல் உலகப் போரின்போது எம்டிகேயில் பயிற்சி தந்த ஆங்கிலேயர் ஜிம்மி ஹோகன், பந்தைத் தரையில் வைத்துக் குறுகிய பாஸ்களால் ஆடக் கற்றுக்கொடுத்தவர். வெம்பிளி வெற்றிக்குப்பின் ஹங்கேரியர்கள் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினார்கள். அவருடைய சொந்த நாடு அவரைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை என்பது வருத்தம் தரும் செய்தி.

அன்று தோற்ற பதினொருவரில் ஆறு பேர் மீண்டும் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை: ராம்சே, எக்கர்ஸ்லி, ஜான்ஸ்டன், டெய்லர், மார்டென்சன், ராப். தேர்வுக் குழு நோயை ஆட்களிடம் கண்டது. ஆறு மாதம் கழித்து, 1954 மே 23 அன்று புடாபெஸ்டில் மறுஆட்டம் நடந்தபோது வெம்பிளியில் ஆடியவர்களில் மிஞ்சியவர்கள் மெரிக், ரைட், டிக்கின்சன், செவெல் மட்டுமே. ஆட்கள் புதியவர்கள், வியூகம் அதே டபிள்யூ-எம். இந்த முறை 5ஆம் எண் சிட் ஓவன் அதே சிக்கலில் மாட்டினார். முடிவு 7-1, அதில் ஒரு கோல் ஹிடெக்குட்டியுடையது. இங்கிலாந்தின் வரலாற்றில் இன்றுவரை அதுவே மிகப்பெரிய தோல்வி.

பாடத்தை முதலில் கற்றது கழகங்கள்தான். மான்செஸ்டர் சிட்டி தன் இரண்டாம் அணியில் ஜானி வில்லியம்சன் என்பவரை வைத்துப் பரிசோதித்து, 1954-55 பருவத்தில் முதல் அணியில் டான் ரெவியைப் பின்வாங்கும் 9ஆம் எண்ணாக இறக்கியது. முதல் நாளே பிரஸ்டனிடம் 5-0 என்று தோற்றார்கள். ரெவி சரியாகவே இறங்கி ஆடினார். அவரோடு சேர்ந்து நடுக்களத்தை இயக்க ஆள் இல்லை. பிறகு தாக்குதல் மனம் கொண்ட விங் ஹாஃப் கென் பார்ன்ஸை உள்ளே கொண்டுவந்தார்கள். ஏற்பாடு உயிர்பெற்றது. அதாவது ஹிடெக்குட்டியை மட்டும் நகலெடுத்தபோது தோற்றது, போஜிக்கையும் சேர்த்து நகலெடுத்தபோது வென்றது. 1955இல் ரெவி ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார். சிட்டி அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்குப் போய், 1956இல் கோப்பையை வென்றது. தேசிய அணியில் மாற்றம் வர இன்னும் பொறுக்க வேண்டியிருந்தது. 1963இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர், அணியைத் தானே தேர்வுசெய்வேன் என்று நிபந்தனை வைத்தார். அவர்தான் வெம்பிளியில் அன்று பெனால்டி அடித்த ராம்சே. 1966இல் உலகக் கோப்பை வந்தது.

ஹிடெக்குட்டிக்கான பதிலை ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தார்கள். 1954 உலகக் கோப்பையில் ஹங்கேரி தென்கொரியாவை 9-0, மேற்கு ஜெர்மனியை 8-3, பிரேசிலை 4-2, உருகுவேயைக் கூடுதல் நேரத்தில் 4-2 என்று வென்று இறுதிக்கு வந்தது. ஹிடெக்குட்டி நான்கு கோல். ஜூலை 4, பெர்ன், மழை. எட்டே நிமிடத்தில் 2-0 என்று முன்னேறிய ஹங்கேரி 3-2 என்று தோற்றது. ஜெர்மன் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர், சென்டர் ஹாஃபை அவர் இடத்திலேயே விட்டுவிட்டு, ஓயாமல் ஓடக்கூடிய விங் ஹாஃப் ஹோர்ஸ்ட் எக்கலை ஹிடெக்குட்டியின் பின்னால் அனுப்பினார். வெம்பிளியில் ஜான்ஸ்டனுக்கு யாரும் செய்துதராத உதவி அது. அப்படியும் ஹிடெக்குட்டியின் ஒரு அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் அன்றைய கதையே வேறு.

சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 ஹங்கேரியப் புரட்சி முறியடிக்கப்பட்டபோது வெளிநாட்டில் இருந்த புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் நாடு திரும்பவில்லை. ஹிடெக்குட்டி ஹங்கேரியிலேயே இருந்தார். எம்டிகேயோடு 1951, 1953, 1958 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றார். அந்தக் காலத்தில் அரசியலுக்கேற்ப அந்தக் கழகத்தின் பெயர் பலமுறை மாறியது, அவர் மாறவில்லை. 36 வயதில் 1958 உலகக் கோப்பையிலும் ஆடிவிட்டு ஓய்வுபெற்றார். பயிற்சியாளராகவும் அவர் சாதித்தவை குறைவல்ல. இத்தாலியின் ஃபியோரென்டினா 1961இல் ஐரோப்பிய கோப்பை வின்னர்ஸ் கோப்பையின் முதல் பட்டத்தை கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை வென்று பெற்றபோது பயிற்சியாளர் அவரே. சிறு நகரமான ஜியோரின் கழகத்தை 1963இல் ஹங்கேரிய லீக் பட்டத்துக்குக் கொண்டுபோனார். 1970களில் எகிப்தின் அல் அஹ்லியைப் பல ஆண்டுகள் நடத்தி ஐந்து லீக் பட்டங்கள் சேர்த்தார். 2002 பிப்ரவரி 14 அன்று புடாபெஸ்டில் மறைந்தார்.

இப்படிப் பின்வாங்கி ஆடும் 9ஆம் எண்ணுக்கு இன்று 'பொய் ஒன்பது' என்று பெயர்; அதைச் சொன்னதும் மெஸ்ஸி நினைவுக்கு வருகிறார். 2009 மே மாதம் ரியல் மாட்ரிடின் மைதானமான பெர்னபியூவில் பார்சிலோனா 6-2 என வென்ற ஆட்டத்தில் அவரை நடுவில் இறக்கினார்கள். ரியல் மாட்ரிடின் நடுத்தடுப்பாளர்கள் போவதா, நிற்பதா என்று தடுமாறியது ஜான்ஸ்டன் தடுமாறியதன் மறுபதிப்பு. இப்போது நால்வர் பின்வரிசையும், ஆளைக் கைமாற்றும் பழக்கமும், தடுப்புக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரரும் உண்டு. அதனால் 1953இல் நடந்ததுபோல் ஒரு அணி முழுதும் குலைவது அரிது.

எம்டிகேயின் மைதானத்துக்கு ஹிடெக்குட்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பழையதை இடித்து 2016இல் புதிதாகக் கட்டியபோது, இடம் போதாததால் ஆடுகளத்தையே 90 பாகை திருப்பிப் போட்டார்கள். இரண்டு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் பார்வையாளர் இருக்கை கிடையாது, கான்கிரீட் சுவர் மட்டுமே. எல்லோரும் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முன்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையே யார் இறங்குகிறார், யார் ஏறுகிறார் என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.